பயத்தங்காய், பீன்ஸ் நாற்றைப் பெரிய சாடிக்கு மாற்றியதும் வாடுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பயத்தங்காய் விதையை நம் ஊர்ச் சூட்டில் போட்டால் நான்கைந்து நாளில் முளைத்துவிடும், அதில் யாருக்கும் சிரமம் இல்லை. சிரமம் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. சின்னக் குவளையில் நன்றாக நின்ற நாற்றைப் பெரிய சாடிக்கு மாற்றிய மறுநாளே தலை தொங்கும், இலை மஞ்சளாகும், தண்டு சாயும். பதறிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவோம், கொஞ்சம் உரம் போடுவோம், வெயில் போதவில்லையோ என்று பால்கனிக் கம்பி ஓரமாகத் தள்ளிவைப்போம், சாயங்காலம் திரும்ப உள்ளே இழுப்போம். சாடி மாற்றியதால் சாகும் நாற்றைவிட, மாற்றிய பிறகு வந்த அந்த மூன்று நாளில் நாம் செய்த வைத்தியத்தால் சாகும் நாற்றுதான் அதிகம்.

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங் மாதிரி தோட்டத்து ஊர்களில் இதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் பலர் செம்பனை நர்சரியில் வேலை பார்த்தவர்கள், இல்லை, வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். செம்பனை நாற்று முதலில் பாலிபேக் என்கிற சின்ன பிளாஸ்டிக் பையில் மூன்று மாதம் நிற்கும், அப்புறம் பெரிய பாலிபேக்குக்குப் போகும், ஏறக்குறைய ஒரு வயதானதும் வெளியே நடுவார்கள். அந்தப் பழக்கத்தில், நாற்று என்றால் கொஞ்சம் பெரிதாக வளர்ந்து தெம்பானதும் மாற்றலாம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. பயறு வகைக்கு இது நேர் எதிர். பயத்தங்காய் விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும் செடி. அதன் வேர் கீழே வேகமாக ஓடும், அறுந்தால் திரும்ப முளைத்துப் பிடிக்க நாளாகும், அதற்குள் பூக்கும் காலம் வந்துவிடும். பயறு நாற்றைச் சின்னதாக இருக்கும்போதே மாற்ற வேண்டும். விதையிலைக்கு மேலே முதல் சோடி இலை நன்றாக விரிந்து, மூன்று இலை சேர்ந்த அடுத்த கொத்து எட்டிப் பார்க்கும் நேரம்தான் சரியான நேரம். நம் பக்கத்துச் சூட்டில் விதைத்துப் பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் அந்தக் கட்டம் வந்துவிடும்.

ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது, செடி சரியில்லை என்றால் கீழே உங்கள் செடியின் அறிகுறியைத் தேடிப் பாருங்கள். அதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். எந்த நேரத்தில் வாடுகிறது, மத்தியானமா காலையிலுமா. எந்த இலையில் தெரிகிறது, அடியிலா நுனியிலா. விரலை இரண்டாவது கணுவரை மண்ணில் விட்டால் ஈரமா, காய்ந்ததா, சேறா. இந்த மூன்றும் தெரியாமல் செடியின்மேல் கை வைக்கவே கூடாது என்பேன்.

மத்தியானம் தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்ந்துகொள்கிறது

ஒன்றும் செய்யாதீர்கள். மாற்றும்போது நுண்ணிய வேர்கள் கொஞ்சம் அறுந்திருக்கும், இலை இழக்கிற தண்ணீரை மத்தியான வெயிலில் வேரால் ஈடுகட்ட முடியவில்லை, வெயில் இறங்கியதும் சமாளித்துக்கொள்கிறது. மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். காலை வெயில் பட்டு, பதினொரு மணிக்குமேல் நிழல் விழுகிற இடத்தில் மூன்று நாலு நாள் வைத்தால் போதும். அப்படி இடம் இல்லையென்றால் ஒரு பழைய வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டி மறைப்புப் போடுங்கள்.

மேற்கு பார்த்த பால்கனிக்காரர்கள் இந்த மறைப்பை ஒரு வாரம்வரை விட்டுவைக்கலாம். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கும் வெயில் ஏழு மணிவரை நேராக அடிக்கும், சிமெண்டுச் சுவரும் தரையும் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டிய பிறகும் வெளியே விடும். சாடியைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்லின்மேலோ பலகையின்மேலோ தூக்கி வைத்தாலே வேருக்குப் பெரிய உதவி.

வாட்டம் போலத் தெரிந்து வாட்டமே இல்லாத இரண்டு விஷயமும் இங்கே உண்டு. பயறு வகை இலைகளுக்குக் காம்பின் முனையில் மூட்டு மாதிரி ஒரு சின்னத் தடிப்பு இருக்கிறது. சுள்ளென்று வெயில் அடிக்கும்போது செடி அந்த மூட்டை வைத்து இலையைத் திருப்பி, விளிம்பு மட்டும் சூரியனைப் பார்க்கிற மாதிரி நிறுத்திக்கொள்ளும். பார்க்கிறவருக்கு இலை சுருண்டு நிற்பதாகத் தோன்றும். இரவானால் அதே மூட்டு இலைகளைக் கீழே இறக்கிவிடும், செடி தூங்குகிறது. வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஐயோ வாடிப்போச்சே என்று தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையான வாட்டமா என்று தெரிய நுனித் தண்டைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் செடி நலமாக இருக்கிறது. துவண்டு, தொட்டால் மடங்கினால்தான் வாட்டம்.

காலையிலும் தொங்கியே இருக்கிறது

இது கவனிக்க வேண்டியது. விரலை விட்டுப் பாருங்கள், ஆனால் சாடி ஓரத்தில் இல்லை, நாற்றோடு வந்த பழைய மண் கட்டிக்குள்ளே.

சுற்றிலும் ஈரம், கட்டி மட்டும் காய்ந்திருக்கிறதா? இது அடிக்கடி நடக்கிறது. நாற்று வளர்ந்தது தேங்காய் நார்த்தூளில், சாடியில் இருப்பது நர்சரிக் கடையில் வாங்கிய கருப்பு மண். இரண்டும் தண்ணீரை வேறு வேறு விதமாகப் பிடிப்பவை. நார்த்தூள் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே ஏற்காது, ஊற்றுகிற தண்ணீர் அதைச் சுற்றி ஓடிப்போய் அடி ஓட்டை வழியாக வெளியே வரும். நாமோ கீழே தண்ணீர் வடிகிறதே, போதும் என்று விட்டுவிடுவோம். வேர் அந்தக் காய்ந்த கட்டிக்குள் தாகத்தில் கிடக்கும். ஒரு பாட்டில் மூடியில் சின்ன ஓட்டை போட்டு, தண்டை ஒட்டி அந்தக் கட்டியின் மேலேயே சொட்டுச் சொட்டாக, பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை என்று விடுங்கள். வேர் புது மண்ணுக்குள் இறங்கும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம், தண்ணீர் தண்டுப் பக்கமே போக வேண்டும். அடுத்த முறை சாடிக் கலவையில் ஒரு பங்கு அதே நார்த்தூளைச் சேர்த்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது.

விரலில் சேறு ஒட்டுகிறதா, புளித்த வாடை அடிக்கிறதா? அப்போது தண்ணீர் கூடிப்போய் வேர் மூச்சு முட்டுகிறது. வாடுவதைப் பார்த்து இன்னும் ஊற்றினால் முடிந்தது. சாடியின் அடியைப் பாருங்கள். பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், மைலோ டின் எல்லாம் நல்ல சாடிதான், ஆனால் ஓட்டை ஒன்றே ஒன்று, அதுவும் நடுவில் போட்டால் அடைத்துக்கொள்ளும். அடியில் ஆறேழு ஓட்டை, சுண்டுவிரல் நுழைகிற அளவு, பக்கவாட்டில் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே இன்னும் இரண்டு மூன்று. செடி உள்ளே இருக்கும்போதே சாடியைச் சாய்த்துவைத்துச் சூடாக்கிய கம்பியால், டின் என்றால் ஆணியால், பக்கவாட்டு ஓட்டையைப் போட்டுவிடலாம், வேரைத் தொட வேண்டியதில்லை. அப்புறம் இரண்டு மூன்று நாள் தண்ணீரை நிறுத்துங்கள், மழை படாத இடத்தில் வையுங்கள்.

சாடியின் அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது வேருக்கும் கெடுதல், வீட்டுக்கும் கெடுதல். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், தட்டில் தேங்கிய தெளிந்த தண்ணீர் அதற்கு மிகவும் பிடித்த இடம். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் 500 வெள்ளி அபராதம் வரலாம். அபராதத்தை விடுங்கள், மேல்மாடியில் நாம் வளர்க்கிற பயத்தங்காய்க்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தை டெங்கியில் படுக்கக் கூடாது. கீழ் வீட்டில் தண்ணீர் சொட்டும் என்று தட்டு கட்டாயம் வேண்டுமென்றால் அதில் மணலை நிரப்பி வையுங்கள், தண்ணீர் மேலே தேங்கி நிற்காது.

மண்ணில் ஈரம் சரியாக இருக்கிறது, ஆனாலும் காலையில் வாட்டம் தெளியவில்லை என்றால் மாற்றும்போது வேர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு நிழலும் பொறுமையும் தவிர மருந்து இல்லை. செடியின் மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, மூடியைத் திறந்துவைத்து, நிழலில் இரண்டு நாள் விட்டால் இலை தண்ணீரை இழப்பது குறையும். வெயிலில் இப்படிக் கவிழ்த்தால் வெந்துவிடும், நிழலில் மட்டும்.

வேர் அறுவது பெரும்பாலும் நாற்றை வெளியே எடுக்கிற விதத்தால்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர் விடுங்கள், அப்போதுதான் மண் கட்டியாக வரும், உதிராது. புதுச் சாடியில் குழியை முதலிலேயே தோண்டி வைத்துவிடுங்கள், நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு குழி தோண்டுகிற வேலை வேண்டாம். பிளாஸ்டிக் குவளை என்றால் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு, உள்ளங்கையை மண்ணின்மேல் வைத்து, குவளையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைத் தட்டுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிடித்தே ஆக வேண்டுமென்றால் இலையைப் பிடியுங்கள். ஓர் இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடியே போயிற்று. பாலிபேக் என்றால் நர்சரியில் செய்கிற மாதிரி பிளேடால் பக்கவாட்டில் கீறிப் பிரித்துவிடுங்கள். டின்னில் விதை போட்டிருந்தால் உள் விளிம்பு தடுக்கும், கட்டி உடையும், டின்னில் நாற்று வளர்க்காமல் இருப்பதே நல்லது. பேப்பர் சுருளில் வளர்த்திருந்தால் அப்படியே நடலாம், ஆனால் பேப்பர் விளிம்பு மண்ணுக்குமேலே நீட்டிக்கொண்டு நின்றால் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி அடி ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும், அந்த விளிம்பைக் கிழித்தெடுத்துவிட்டு நடுங்கள்.

நேரம் சாயங்காலம், ஐந்தரைக்கு மேலே. அப்படி நட்டால் செடிக்கு ஒரு முழு இரவு கிடைக்கும்.

இலையில் வெள்ளையாக, காகிதம் மாதிரித் திட்டுகள்

வெயில் சுட்டது. நோய் இல்லை, பரவாது. வீட்டுக்குள் சன்னலோரம் முளைத்த நாற்றை நேராகத் திறந்த பால்கனிக்குக் கொண்டுபோனால் இப்படி ஆகும். பட்ட இலை பச்சையாகாது, புது இலை சரியாக வரும். பாதிக்குமேல் பச்சை இருக்கிற இலையைக் கிள்ள வேண்டாம், அதுதான் இப்போது செடிக்குச் சோறு போடுகிறது.

இலை விளிம்பு மட்டும் பழுப்பாகக் கருகினால் அது வேறு. கழுவாத நார்த்தூளில் உப்பு இருக்கும், அல்லது உரம் கூடிப்போயிருக்கும். சாடியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக விட்டு அடியில் ஓடவிடுங்கள், ஒரே ஒரு முறை.

இலை மஞ்சளாகிறது

எல்லோரும் கேட்பது இதைத்தான், இதற்கு ஒரே பதில் கிடையாது. மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தண்டின் அடியில் தடித்த, உருண்டையான இரண்டு விதையிலைகள் மட்டும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் சந்தோஷப்படுங்கள். அவை விதையில் இருந்த சாப்பாட்டு மூட்டைகள், தீர்ந்ததும் விழும்.

அதற்கு மேலே இருக்கிற முதல் சோடி இலை மஞ்சளாகி, மேலே வருகிற இலைகள் கரும்பச்சையாக இருந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. மாற்றிய அதிர்ச்சியில் செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துப் புது இலைக்கு அனுப்புகிறது. ஆனால் மஞ்சள் ஒவ்வோர் அடுக்காக மேலே ஏறிக்கொண்டே வந்து, முழுச் செடியும் வெளிறிப்போனால் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை, அல்லது முன்னே சொன்ன வேர் மூச்சுத் திணறல். விரலை விட்டுப் பாருங்கள், சேறாக இருந்தால் உரம் போடாதீர்கள், முதலில் தண்ணீரை வடியவிடுங்கள்.

மண் சரியாக இருந்து செடி வெளிறினால், நட்டுப் பத்து நாளாவது கழித்து, பச்சை உரம் என்று விற்கிற 15:15:15 ரசாயன உரத்தில் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) அரைத் தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு விரல் நீளம் தள்ளி, சாடி ஓரமாக. அவ்வளவுதான். தோட்டத்தில் மரத்துக்குப் போடுகிற கை இந்த அளவைப் பார்த்தால் போதாது என்று நினைக்கும், ஆனால் சாடியில் உரம் எங்கும் ஓடிப்போக வழியில்லை. நட்ட அன்றைக்கோ மறுநாளோ உரம் வேண்டவே வேண்டாம், அறுந்த வேரில் அது எரிச்சல்தான். பச்சைக் கோழி எருவும் அப்படித்தான், மக்கியது மட்டும்.

நுனியில் வருகிற புது இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை. சுண்ணாம்பு கூடிப்போன சாடியிலும், எப்போதும் நனைந்து கிடக்கிற சாடியிலும் இது வரும். சுண்ணாம்பைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இலை மேலெல்லாம் ஊசியால் குத்திய மாதிரி மஞ்சள் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை: செஞ்சிலந்தி. மழை படாத, காற்று வறண்ட, மேலே கூரை மூடிய பால்கனியில்தான் வரும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் சரியில்லை

இரண்டு விதம் உண்டு, வைத்தியம் நேர் எதிர், அதனால் உற்றுப் பாருங்கள்.

தண்டு மண் மட்டத்தில் நனைந்து, பழுப்பாகி, நூலாக மெலிந்து, நாற்று அப்படியே படுத்துவிட்டால் நாற்றழுகல். மண்ணில் இருக்கிற பூஞ்சைகளின் வேலை, ஈரம் கூடிய மண்ணும் காற்றோட்டம் இல்லாத மூலையும் அவற்றுக்குத் துணை. பிழைக்காது. பிடுங்கிக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள், அந்த மண்ணில் உடனே திரும்ப விதை போடாதீர்கள்.

தண்டு அடியில் மெலியாமல் தடித்து, வெடிப்பு விட்டு, செடி மஞ்சளாகி வாடினால் அது தண்டு ஈயாக இருக்கலாம். பளபளப்பான கருப்பு நிறத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கிற ஈ, முதல் சோடி இலையில் குத்தி முட்டையிடும். இலையின் காம்புப் பக்கத்தில் வெளிறிய சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் அடையாளம். புழு காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி, அடிக்குப் போய், தோலுக்குக் கீழே கூடு கட்டும். தண்டின் வெடிப்பை நகத்தால் லேசாக விலக்கினால் பழுப்புக் கூடு தெரியும். முளைத்த முதல் இரண்டு மூன்று வாரம்தான் ஆபத்து. இந்தச் செடியைப் பிடுங்காதீர்கள். வெடிப்பு விட்ட இடம் மூடுகிற அளவுக்கு ஈரமான நல்ல மண்ணை அணைத்துவிடுங்கள். மூடிய இடத்திலிருந்து பக்கவேர் விட்டு நிறையச் செடிகள் தப்பித்துக்கொள்ளும். அடுத்த தடவை நாற்றை முளைத்த நாளிலிருந்தே பழைய கொசுவலைத் துணிக்குள் வையுங்கள். நான் பார்த்தவரை எந்த மருந்தையும்விட இதுதான் நம்பகமானது.

நெட்டையாக வளர்ந்து சாய்கிறது, காற்றில் ஒடிகிறது

வெளிச்சம் போதவில்லை. மாற்றும்போது விதையிலைக்குக் கொஞ்சம் கீழேவரை மண்ணில் புதைத்து நடலாம், அதற்குமேல் வேண்டாம்.

நம் பக்கம் இன்னொன்றும் உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணை தாண்டி வருகிற சுமாத்ராக் காற்று. நாலாவது ஐந்தாவது மாடியில் அது அடிக்கிற அடிக்குப் புதிதாக நட்ட நாற்று வேரோடு ஆடும், முளைக்கிற புது வேரெல்லாம் அறும். அதனால் குச்சியை நடும் அன்றைக்கே நட்டுவிடுங்கள், அப்புறம் குத்தினால் வேரில் இறங்கும். தண்டை எட்டு வடிவில், தளர்வாக, துணிக் கிழிசலால் கட்டுங்கள். சாடியைக் கம்பிக்கு உள்பக்கம் தரையில் வையுங்கள், கைப்பிடிச் சுவரின்மேல் வேண்டாம், கம்பிக்கு வெளியே தொங்கவிடவும் வேண்டாம். நனைந்த மண் நிறைந்த 20 லிட்டர் வாளி ஒரு பிள்ளையின் எடைக்குச் சமமாக இருக்கும், கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

சாகவும் இல்லை, வளரவும் இல்லை

இரண்டு வாரமாக அதே உயரம், அதே நாலு இலை. நாற்று சின்னக் குவளையில் நாளாகி நின்று, வேர் அடியில் வட்டம் வட்டமாகச் சுற்றியபிறகு மாற்றியிருந்தால் இப்படி நிற்கும். சாடி சிறிதாக இருந்தாலும் அப்படித்தான். கொடியாக ஏறுகிற பயத்தங்காய்க்கு ஒரு செடிக்குப் பத்து லிட்டர் மண்ணாவது வேண்டும், 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் இரண்டு செடி தாராளம். குத்துப் பீன்ஸுக்கு ஓர் அடி ஆழம் போதும்.

அது இல்லையென்றால் மண்ணின் புளிப்பைச் சந்தேகப்படுங்கள். பந்திங் இருக்கிற கோல லங்காட் பக்கம் சதுப்பு மண், காம்புட், நிறைய. கருப்பாக, பொலபொலவென்று, பார்க்க அவ்வளவு வளமாக இருக்கும். ஆனால் அதன் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5, 4 என்று கிடக்கும், பயறு வகைக்கு 5.5-க்கு மேலே வேண்டும். யாராவது தோண்டிக் கொண்டுவந்து கொடுத்த மண் என்றால் இதுவாக இருக்க வாய்ப்பு உண்டு. தோட்டத்தில் ஜிஎம்எல் என்று சொல்கிற மெக்னீசியச் சுண்ணாம்புத் தூள் உரக்கடையில் கிடைக்கும். 20 லிட்டர் வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, நனைத்து, இரண்டு வாரம் விட்டு அப்புறம் நடுவது முறை. செடி ஏற்கெனவே உள்ளே இருந்தால் ஒரு மேசைக்கரண்டியை மேலே தூவிக் கிளறாமல் தண்ணீர் விடுங்கள், வேலை செய்ய நாளாகும். காம்புட் மண்ணைத் தனியாகவே பயன்படுத்தாமல் மக்கிய எருவும் உமிக்கரியும் சேர்த்துவிடுவது நல்லது.

இன்னொரு காரணம் வேர்முடிச்சு. பயறு வகை வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் கட்டி, அதற்குள் வாழ்கிற பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். கடையில் வாங்கிய நார்த்தூளிலும் சுட்ட மண்ணிலும் அந்த பாக்டீரியா இருக்காது. இதற்கு ஒரு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. இளஞ்செம்பனைக்கு நடுவே மண்ணை மூட வளர்க்கிற பியூரேரியா, கலப்போ கொடிகளும் பயறுக் குடும்பம்தான், அவற்றின் வேரில் இருக்கிற அதே வகை பாக்டீரியா பயத்தங்காய்க்கும் பொருந்தும். தோட்டத்தில் சொந்தக்காரர்கள் வேலை பார்த்தால் அந்தக் கொடிக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் கேட்டு வாங்கி, சாடிக் கலவையில் சேருங்கள். களைக்கொல்லி அடித்த இடத்து மண் மட்டும் வேண்டாம். குத்துப் பீன்ஸுக்கு வேறு வகை பாக்டீரியா தேவை, அதற்கு இந்த மண் உதவாது, உரத்தைக் கொண்டே சமாளிக்க வேண்டும். செடியின் ஆயுள் முடிந்து பிடுங்கும்போது ஒரு முடிச்சை நகத்தால் வெட்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்திருக்கிறது.

நுனி சுருள்கிறது, எறும்பு ஏறுகிறது

கருப்பு அசுவினி. பயத்தங்காய்க்கு நம் நாட்டில் இதைவிடப் பழைய எதிரி இல்லை. மாற்றிய களைப்பில் இருக்கிற நாற்றின் இளநுனியில் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும், அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைப் பாதுகாக்கும். கொஞ்சமாக இருக்கும்போது விரலால் துடைத்துவிடலாம். கூடிப்போனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து சாயங்காலம் அடித்து, கொஞ்ச நேரம் கழித்து வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். எறும்பு ஏறுகிற வழியையும் அடையுங்கள், குச்சி சுவரைத் தொடுகிறதா பாருங்கள். இலை கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி நெளிந்தால் அசுவினி வைரசையும் கொண்டுவந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை, பக்கத்துச் செடியைக் காப்பாற்ற அந்த ஒன்றை எடுத்துவிடுங்கள்.

நன்றாகப் பிடித்தது, இலை அடர்த்தி, பூ மட்டும் உதிர்கிறது

பயத்தங்காய் என்றால் தழைச்சத்து கூடிவிட்டது, அல்லது வெயில் போதவில்லை. நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் கிடைக்காத பால்கனியில் காய் குறைவாகத்தான் இருக்கும்.

பீன்ஸ் என்றால் உங்கள் மேல் குற்றம் இல்லை. சந்தையில் வருகிற பீன்ஸ் கேமரன் மலையில் விளைவது, குளிருக்குப் பழகியது. பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூ நிற்காமல் கொட்டும், நம் பக்கம் அது தினமும் தாண்டும். ஆசைக்கு ஒரு சாடி வைக்கலாம், கிழக்கு பார்த்த பால்கனி என்றால் சில காய் கிடைக்கும். குடும்பத்துக்குக் கறிக்கு ஆகிற அளவு வேண்டுமென்றால் பயத்தங்காயோ சிறகவரையோதான் நம் சூட்டுக்குச் சரி.

எப்போது விட்டுவிடுவது

மாற்றி ஒரு வாரமாகியும் புது இலை எட்டிப் பார்க்கவில்லை, காலையிலும் துவண்டிருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அழுகல் இல்லாத சாடியாக இருந்தால் நாற்றைப் பிடுங்காமல் அதன் பக்கத்திலேயே, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், இரண்டு விதையை நேராகப் போட்டுவிடுங்கள். நான்கைந்து நாளில் முளைக்கும், வேர் யாரும் தொடாமல் இறங்கும், மூன்றாவது வாரத்தில் பழைய நாற்றைத் தாண்டிவிடும். அதுவரை பழையது பிழைத்துக்கொண்டால் அதையும் அதே குச்சியில் ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் மண்மட்டத்தில் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் புது நாற்றின் வேரும் சேர்ந்து வந்துவிடும்.